அந்த இடத்தில் ஒன்றும் இல்லை

கல் விழுமா என்று கேட்பவர்களுக்கு "விழாது" என்று சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. "விழ வாய்ப்பு மிகக் குறைவு" என்று சொல்லலாம். "இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லலாம். போனை வைத்த பிறகு தலையில் அடித்துக்கொள்ளலாம். விழாது என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும், கணக்கு பூஜ்யத்துக்கு வந்து நின்ற பிறகுதான் என் வாயிலிருந்து வர வேண்டும். சூரியனைச் சுற்றி அலைகிற கற்களில் எது எப்போது பூமிக்குக் கிட்டே வரும், மோதுவதற்கு எத்தனையில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு மேஜை, ஒரு காபி மெஷின், அதுவும் பாதி நாள் கோபித்துக்கொண்டு நிற்கும். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கமா'. அவர் ஒரு வாக்கியத்தை முடித்து யாரும் கேட்டதில்லை. "வாய்ப்பு இருக்கு, ஆனா, இப்போ நம்மகிட்ட இருக்கற அளவை வச்சுப் பார்த்தா, மேற்கொண்டு," என்று போய்க்கொண்டே இருப்பார். நாம் எழுந்து போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் வாக்கியம் அங்கேயே நிற்கும். அவரைக் கிண்டல் செய்து செய்தே நானும் அவரைப் போல் ஆகிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. தம்பி பெண்டாட்டிதான் தெரிய வைத்தாள்.

வீட்டில் மாடி எனக்கு, கீழ்த்தளம் தம்பிக்கும் அவளுக்கும். சாப்பாடு மட்டும் கீழே, மூன்று பேரும் சேர்ந்து. தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்க இருட்டு அறையில் நின்று, ஒவ்வொருவர் மூக்கிலும் இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடியை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பது அவள் பிழைப்பு. வீட்டிலும் அதே கதைதான். ஆமா அல்லது இல்லை, இந்த இரண்டைத் தவிர எதைச் சொன்னாலும் அவளுக்குப் பதிலாகவே படாது. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒன்பது வருஷம் ஓட்டியதே அதிசயம்தான்.

அந்த ஒன்பது வருஷத்தில் மூன்று முறை அவளுக்கு ஆஸ்பத்திரியில் கரு வைத்துப் பார்த்தார்கள். மூன்றும் தங்கவில்லை. மூன்று முறையும் ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். அவள் வெளியே வரும்போது முகத்தைப் பார்ப்பேன், தெரிந்துவிடும். உறைய வைத்த கருக்களில் இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இந்தத் தடவை கர்ப்பப்பை நன்றாகத் தயாராகி வருகிறது, மாத்திரையை மட்டும் விடக்கூடாது, விட்டால் மறுபடி இப்படி அமையும் என்று சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தச் சனியன் பிடித்த கல் எவர் கண்ணிலோ பட்டது.

இருபது மாடிக் கட்டடம் அளவு. உலகம் அழியாது, ஆனால் விழுகிற ஊர் இருக்காது. எந்த ஊர் என்று சொல்ல முடியாது. விழுவதானால் இன்னும் ஏழு வருஷத்தில். முதலில் ஆயிரத்தில் ஒன்று என்றோம். அப்புறம் முந்நூற்றில் ஒன்று. அப்புறம் நூற்றில் ஒன்று. டிவிக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா வேண்டாமா என்று கேட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் கேட்டாள்.

"அண்ணி, நேரா ஒண்ணு கேக்கறேன். விழுமா, விழாதா?"

வாயில் இருந்ததை மென்று விழுங்கினேன். "விழ வாய்ப்பு ரொம்பக் குறைவு."

"நேத்து நூத்துல ஒண்ணுன்னாங்க. இன்னைக்கு அறுபதுல ஒண்ணுங்கறாங்க. குறையுதா, ஏறுதா?"

"ஏறும். ஏறிட்டுத்தான் இறங்கும்."

"லிஃப்ட் மாதிரியா?" என்றான் தம்பி. நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்த பார்வையில் தலையைக் குனிந்து தட்டைக் கவனிக்க ஆரம்பித்தான்.

நான் விளக்கினேன். "போன மாசம் உன் கம்மல் திருகு காணாம போச்சுல்ல? ஹால்ல தேடினே, இல்ல. பெட்ரூம்ல தேடினே, இல்ல. அப்போ அடுப்படியில இருக்கறதுக்கான வாய்ப்பு ஏறிச்சா இல்லையா? திருகு ஒண்ணும் எழுந்து அடுப்படிக்கு நடந்து போகல. நீ தேடி முடிச்ச இடம் கூடிக்கிட்டே போச்சு, அவ்வளவுதான். இந்தக் கல்லு போறதுக்கும் ஆயிரம் பாதை இருந்துச்சு. பார்க்கப் பார்க்க ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டு வர்றோம். பூமி மேல வர்ற பாதை இன்னும் கழியல, அதனால நம்பர் ஏறுது. அதையும் பார்த்துட்டா சட்டுனு பூஜ்யம்."

சொன்னதும் எனக்கே என்னைப் பிடித்துப்போனது. இத்தனை நாள் டிவியில் வந்து பேசியவர்களில் ஒருத்தருக்காவது இது தோன்றியதா என்று மனசுக்குள் ஒரு திமிர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "திருகு அடுப்படியிலதான் இருந்துச்சு, அண்ணி."

 தம்பி தண்ணீர் குடித்தான். அவள் தட்டில் எதையோ ஒதுக்கிக்கொண்டே பேசினாள்.

"ஏழு வருஷம்னா பிள்ளை ஒண்ணாங்கிளாஸ் படிக்கும். பை மாட்டிக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டுப் போகும். அதை நான் எந்த ஊர்ல கொண்டுபோய் ஒளிச்சு வைப்பேன்? எந்த ஊர்னு உங்களுக்கே தெரியலை. மூணு போயாச்சு அண்ணி. அதுங்க முகத்தை நான் பார்க்கலை, அதனால தாங்கிக்கிட்டேன். முகம் பார்த்துட்டுப் பறிகொடுக்க என்னால முடியாது. மாத்திரைய நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"என்ன பேச்சு இது," என்றான் தம்பி. அவன் குரல் எங்கோ கீழே கிடந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. விழாதுன்னு சொல்லுங்க. டிவி என்ன சொன்னாலும் சரி, நான் உங்களை நம்பிடறேன்."

பொய்யே சொல்லாதவள் அல்ல நான். தம்பி மாட்டிய திரைச்சீலை நேராகத்தான் தொங்குகிறது என்று மூன்று வருஷமாகக் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இதில் பொய் சொன்னால் ஏழு வருஷம் தினமும் அந்தப் பிள்ளையின் முகத்தில் முழிக்க வேண்டியவள் நான். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. "இப்போதைக்கு அப்படி உறுதியா, இருக்கற அளவை வச்சு," என்று இழுத்தேன். என் காதுக்கே கமா பேசுவது போல இருந்தது. அவள் எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாடிப்படியில் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். "ஒரு வார்த்தைக்கு என்னக்கா பஞ்சம் உனக்கு?"

"பொய் சொல்லச் சொல்றியாடா?"

"லிஃப்ட்ல ஏறும்போது கயிறு அறுந்துடுமான்னு எங்கிட்ட கேக்காத ஆளில்ல. அறாதுங்கன்னு சொல்றேன். அறவே அறாதுன்னு கயிறு எனக்கு வாக்கு கொடுத்திருக்கா? போய்ப் போய்ப் பார்த்துக்கறேன், அந்தத் தைரியத்துல சொல்றேன். நீயும் தினம் பார்க்கறவதானே."

"உன் கயிறு உன் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு" என்று எரிந்து விழுந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். கோபம் அவன் மேல் இல்லை, அவனுக்கும் தெரியும். அழவும் வராமல் தூங்கவும் வராமல் கிடந்தேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும் என்பதை அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொன்னாலும் பயனில்லை.

காலையில் இறங்கி வந்ததும் ஃப்ரிட்ஜ் மேல் பார்த்தேன். அட்டை நேற்றுப் பார்த்தபடியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. தம்பி என்னிடம் மெதுவாக, "டாக்டரம்மாகிட்ட கேட்டேன். ஒண்ணு ரெண்டு நாள்னா சமாளிக்கலாமாம், அதுக்கு மேல கஷ்டம்னு சொல்லிட்டாங்க" என்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

அலுவலகத்தில் கணக்கு நாற்பதில் ஒன்றுக்கு ஏறியிருந்தது. போதாக்குறைக்குக் கல் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இனி அடுத்த வருஷம் வரை எந்தத் தொலைநோக்கிக்கும் அகப்படாது. அதுவரை நம்பர் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது, அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கும்.

"அடுத்த வருஷம் திரும்ப வரும்போது பார்த்துக்கலாம், அதுவரைக்கும்," என்றார் கமா.

"அதுவரைக்கும் எங்க வீட்ல முடியாது சார்."

என்ன ஏது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீட்டு விஷயத்தை அந்த அறையில் நான் பேசியதே கிடையாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"பழைய படத்துல தேடும்மா" என்றார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். அவர் வாக்கியம் ஒன்று முடிந்து நான் கேட்டது அன்றுதான்.

அவர் சொன்னது இது. இந்தக் கல் சில வருஷங்களுக்கு முன்பும் ஒரு தடவை பூமிக்குக் கொஞ்சம் பக்கமாக வந்துபோயிருக்கிறது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஆனால் வேறு எதற்காகவோ அந்தப் பக்கத்து வானத்தை யாராவது படம் எடுத்து வைத்திருக்கலாம். பூமியில் மோதுகிற பாதையில்தான் கல் போகிறது என்றால், அன்றைக்கு அது வானத்தில் இந்த இடத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிற இடம். படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி இருந்தால் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்றும் இல்லை என்றால் மோதுகிற பாதை அத்தோடு தீர்ந்தது. மற்றவர்கள் எதையாவது கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறார்கள். நாங்கள் ஒன்றுமே இல்லை என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறோம்.

முதலில் கிடைத்த படத்தில், பார்க்க வேண்டிய இடத்தின் மேலேயே ஒரு பெரிய நட்சத்திரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் வெளிச்சத்தில் பக்கத்தில் எது இருந்தாலும் தெரியாது. அதை நான் திட்டிய திட்டில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டாவது படம் மங்கல். கல் இருந்திருந்தாலும் அதில் பதிந்திருக்காது. மறுநாள், தூரத்து நட்சத்திரக் கூட்டங்களை அளக்கிற ஒரு அம்மா, முன்பின் தெரியாதவர், எங்கோ ஒரு கோடியில் இருப்பவர், கேட்ட உடனே மூன்றாவது படத்தை அனுப்பினார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

படத்தைத் திறந்தேன். கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் இருந்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஊர் பேர் இருந்தது, எல்லாம் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரங்கள். அந்நியப் புள்ளி ஒன்றுகூட இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கறுப்பை வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் சரி, படத்தை இரண்டு ஜோடிக் கண் பார்க்க வேண்டும். அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது. கமா மீட்டிங்கில் இருந்தார். அவர் மேஜைமேல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, நான் பையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு ஓடினேன்.

கடை முதலாளி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்து நின்று பேசினால் அவருக்கு ஆகாது. அவள் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், "வாங்க மேடம், உள்ள வாங்க" என்று இருட்டு அறைக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள். கதவு பாதி திறந்திருந்தது.

"எதிர்ல இருக்கறதைப் படிங்க மேடம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என்ன ஆச்சு அண்ணி?" என்றாள்.

"பழைய படம் ஒண்ணு கிடைச்சிருக்கு. மோதற பாதையில வந்தா கல்லு அதுல இருந்தே ஆகணும். பார்த்துட்டேன். அந்த இடத்துல ஒண்ணும் இல்ல."

கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"நீங்களா பார்த்தீங்க?"

"நானேதான்."

"கடைசிக்கு முந்தின வரி படிங்க."

படித்தேன். என்ன படித்தேனோ. அவள் என் இடது கண்ணை மூடி மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன்.

"அதுல ரெண்டு தப்பு" என்றாள். "எத்தனை வருஷமா இதே பவரைப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்ல வந்தீங்க?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கிரீனில் பெரிதாக்கித்தான் பார்ப்போம், கம்ப்யூட்டரும் அளந்து சொல்லியிருக்கிறது என்றெல்லாம் ஆரம்பித்தேன். ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன். "சரி, நீ வந்து பாரு" என்றேன். அவளும் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு என்னோடு வந்துவிட்டாள்.

நாங்கள் போனபோது கமா என் நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

"சார், இதுல கல்லு இருந்தா என் கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. படத்தின் இன்னொரு மூலையில் இருந்த வேறொரு கல்லைக் காட்டினார். அதே அளவு, அதே மங்கல். "இருந்திருந்தா இந்த மாதிரி தெரிஞ்சிருக்கும், இதைவிடக் கொஞ்சம் பளிச்சுன்னுகூட," என்றார்.

அதை அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் உட்கார்ந்து, என் கட்டத்தை இடமிருந்து வலமாக, வரிவரியாக, தன் கடையில் தொங்குகிற அட்டையைப் படிப்பது போல விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். புள்ளி வந்த இடத்தில் நின்று, "இது?" என்பாள். "நட்சத்திரம், எப்பவும் அங்கதான் இருக்கு" என்பேன். அடுத்த புள்ளி. "இது?" அதுவும் நட்சத்திரம். கடைசி வரி முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஒரு தடவை பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

சொன்னவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. முந்தானையோ கைக்குட்டையோ தேடக்கூட இல்லை, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் என் முன்னால் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"இதே மாதிரி கறுப்பு ஸ்கிரீன்தான் அண்ணி. மூணு தடவை. டாக்டரம்மா தேடித் தேடிப் பார்த்துட்டு இதையேதான் சொல்வாங்க. ஒண்ணும் இல்லம்மான்னு. அந்த வார்த்தைய நல்ல சேதியா நான் கேக்கறது இதுதான் முதல் தடவை."

நான் அவள் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கமா ஜன்னல் வழியாக எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழாது" என்றேன். "கேட்டியா? விழாது. விழவே விழாது."

அறிவிப்பு மறுநாள்தான் வரும். கமா திரும்பி என்னைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். பாதிக்கு மேல் காலி. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா சார்? நேரமாச்சு."

எனக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. "அப்போ ஃப்ரிட்ஜ் மேல இருக்கறது?"

"அது வீட்டு அட்டை, இது கடையில போடற வேளைக்கு வச்சிருந்தது. அதைத் தொட்டா நீங்க ரெண்டு பேரும் பார்ப்பீங்க. பார்த்தா ஆசைப்படுவீங்க. மூணு தடவை உங்க ரெண்டு பேர் ஆசையையும் சேர்த்து நான்தான் சுமந்தேன். இந்தத் தடவை தனியா இருக்கட்டும்னு அன்னைக்கு ராத்திரியிலிருந்து எல்லா வேளைக்கும் இதுலயே போட்டுக்கிட்டேன். ஒரு நாள்கூட விடல."

"கல்லு விழும்னு பயந்தே?"

"பயந்தேன். பயந்துகிட்டேதான் போட்டேன். நிறுத்தணும்னு தினம் நினைப்பேன், நேரம் வந்தா கை தானா எடுத்துடும்." தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "டாக்டரம்மா மூணுல ஒண்ணு வாய்ப்புன்னாங்க. மூணுல ஒண்ணே எனக்கு இத்தனை வருஷமா நடக்கல, நாப்பதுல ஒண்ணு மட்டும் எப்படி நடந்துடும்?"

அந்தக் கணக்கு தப்பு. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருத்த இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

"உன் புருஷன் பாவம்மா" என்றேன் கடைசியில். "அவன்கிட்டயாவது சொல்லு."

"நீங்களே போன் போட்டுச் சொல்லிடுங்க. எனக்கு இப்போ பேச வராது."

போனில் சொன்னபோது அவன் எந்தக் கட்டடத்தின் எத்தனையாவது மாடியில் லிஃப்டுக்கு மேலே நின்றிருந்தானோ தெரியாது. ஏதோ கருவியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "அக்கா, நான் இறங்கி வந்து பேசறேன், இங்க நின்னுக்கிட்டு அழக்கூடாது" என்றான்.

கருவை வைத்தார்கள். இந்தத் தடவை ஸ்கேன் அன்று வெளியே நாற்காலியில் உட்கார அவள் என்னை விடவில்லை. தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என் மூக்கில் அவள் செய்துகொடுத்த புதுக் கண்ணாடி. டாக்டரம்மா ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே கருவியை இப்படியும் அப்படியுமாக நகர்த்தினார். கறுப்பு. கறுப்பு. இருபது வருஷமாகக் கறுப்பில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று தேடியவள், அன்று ஒரே ஒரு புள்ளிக்காகத் தெரியாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மாவின் கை ஒரு இடத்தில் நின்றது. "இங்க ஒண்ணு தெரியுது, ஆனா இப்பவே உறுதியா சொல்ல முடியாது, ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்பப் பார்த்துட்டு," என்று இழுத்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க பார்த்துச் சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

குனிந்து பார்த்தேன். கறுப்புக்கு நடுவில், அதுவரை அங்கே இல்லாத ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, அதற்குள் இன்னும் சின்னதாக ஏதோ ஒன்று விட்டு விட்டுத் துடித்தது.

"இருக்கு" என்றேன்.